குங்குமம் வைத்த டிஸ்கெட்

இன்று காலை கைப்பேசி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தால் ஒரே வரி: சிறு பிழைகள் திருத்தப்பட்டன. காப்பி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வரியை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் சுங்கை பட்டாணியில் ஒரு மாடிக் கடையில் எனக்கு வேலை. கீழே மசாலா அரைக்கும் மில். இன்றும் மல்லித்தூள் வாசம் வந்தால் எனக்குச் சாம்பார் ஞாபகம் வராது, கம்ப்யூட்டர்தான் ஞாபகம் வரும். கரங்கான், புக்கிட் செலம்பாவ் பக்கத்து மூன்று ரப்பர் தோட்டங்களின் மருந்தகங்களுக்கும், அவற்றுக்குப் பொதுவான டவுன் ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். நோயாளிகளின் விவரம் நான்கு இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இப்போது அது தானாக நடக்கும். அப்போது பஸ்ஸில் நடந்தது. சனிக்கிழமைதோறும் தோட்டத்து டிஸ்கெட்டுகள் ஆஸ்பத்திரிக்கு வரும். எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து மறுபடி அனுப்புவோம். ஒரே ஆளைப் பற்றி இரண்டு இடத்தில் எழுதியிருந்தால், கடைசியாக எழுதியதை அப்படியே எடுத்துக்கொள் என்று புரோகிராமுக்குச் சொல்லியிருந்தேன். ரொம்ப புத்திசாலித்தனம் என்று நினைப்பு.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஃபிலோமினா அக்கா. கழுத்தில் ஜெபமாலை, வாயில் கண்டிப்பு. ஒத்துக்கொள்ளாத மருந்தை எழுத இடம் வேண்டும் என்று அவர் கேட்டதால்தான் மூன்றாவது வெர்ஷனே பிறந்தது. நீல லேபிள் ஒட்டி எல்லாத் தோட்டத்துக்கும் அனுப்பினேன். யாராவது மாற்றத் தாமதித்தாலும் பழைய வெர்ஷன் டிஸ்கெட்டையும் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும்படி செய்துவிட்டு, அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

சில மாதங்கள் கழித்து அஞ்சலை வந்தாள். கரங்கான் பக்கம் பால் மரம் வெட்டுகிறவள், காலில் கத்திக் காயம். முன்பு ஒரு தடவை பெனிசிலின் ஊசியில் அவளுக்கு மூச்சு முட்டியிருந்தது. அதை அக்காவே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தார். இப்போது திரையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. புதிதாக வந்த டாக்டர் பெனிசிலின் எழுதிவிட்டார். அக்கா ஊசியோடு பக்கத்தில் போனதும் அஞ்சலை கையை இழுத்துக்கொண்டாளாம்.

“அதே ஊசியாக்கா? போன தடவ எனக்கு மூச்சே நின்னு போச்சுலா.”

அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அஞ்சலையைப் பற்றிக் கடைசியாக வந்த பதிவு கரங்கானுடையது என்று தெரிந்ததும் அன்றே அங்கே பஸ் ஏறினேன்.

அங்கே மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டவர் லெட்சுமணன் அண்ணன். வெள்ளைச் சட்டை, எண்ணெய் படிய வாரிய தலை, யாரைக் கண்டாலும் முதலில் மைலோ கலக்கும் மனிதர். கம்ப்யூட்டரில் இருந்த டிஸ்கெட்டைப் பார்த்தேன். இரண்டாவது வெர்ஷன். லேபிள் மேல் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூசையன்று தெர்மாமீட்டர், கத்தரிக்கோலோடு அதையும் வைத்துக் கும்பிட்டிருக்கிறார். என் நீல டிஸ்கெட் பூசை முடிந்து பத்து நாள் கழித்து வந்ததாம். அது உறை பிரிக்காமல் சாமி படத்துக்குக் கீழே இருந்தது.

“பூசைக்கு வெச்சத எப்பிடி தங்கச்சி ஒதுக்குறது? அடுத்த பூசைக்கு மாத்திக்கலாம்னு இருந்தேன்.”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நடந்ததைச் சொன்னேன். இருமல் மருந்துக்கு அஞ்சலை அங்கே போயிருக்கிறாள். ஒத்துக்கொள்ளாத மருந்துக்கு இடமே இல்லாத பழைய வெர்ஷனில் அவர் அதைப் பதிந்திருக்கிறார். அந்த வெறும் இடம் வந்து அக்கா எழுதியதை அழித்துவிட்டது. அண்ணன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னாலதான் அந்தப் புள்ள சாவப் பாத்துச்சு.”

இல்லை அண்ணே, வெறும் இடம் வந்தால் பழையதை அழிக்காதே என்று நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அப்போதே தெரியும். வேலை போய்விடும் என்று பயம். மைலோவைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாளே அந்த வரியைச் சேர்த்தேன். மாற்றக் குறிப்பில் எழுதினேன்: சிறு திருத்தம். அண்ணனின் மனது நோகாமல் இருக்க, இரண்டாவது வெர்ஷனிலும் ஒத்துக்கொள்ளாத மருந்துக்கு இடம் வைத்து, அதே குங்கும டிஸ்கெட்டில் ஏற்றி, அவருக்கென்று புரோகிராமில் தனியாக ஒரு கிளையை நடத்தினேன். எதைத் திருத்தினாலும் இரண்டு முறை திருத்த வேண்டும். அதற்குப் பூசைக் கிளை என்று பெயர். அடுத்த ஆயுத பூசைக்கு என்னைக் கூப்பிட்டார். நீல லேபிளில் அவரே பொட்டு வைத்தார், சுண்டலும் கொடுத்தார். பூசைக் கிளை அன்றோடு முடிந்தது.

ஆனால் அவர் முடிக்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் டிஸ்கெட்டோடு ஒரு சீட்டு வரும். யார் யாருக்கு எந்த மருந்து ஆகாது என்று முத்து முத்தான கையெழுத்தில் ஒரு பட்டியல். முதல் பெயர் எப்போதும் அஞ்சலை. கம்ப்யூட்டர்தான் சரியாகிவிட்டதே என்று அக்கா சொல்லியும் கேட்கவில்லையாம். தன் தப்புக்குத் தானே காவல் நின்றார், ஓய்வு பெறும் வரைக்கும்.

இப்போது அங்கே மருந்தகம் இல்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களும் இல்லை, எங்கும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். அந்த டிஸ்கெட்டைப் படிக்க ஒரு மெஷினும் கிடைக்காது. அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவருடைய சீட்டுகளில் ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது. கைப்பேசியை வைத்துவிட்டு அதை எடுத்துப் பார்த்தேன். அஞ்சலை, பெனிசிலின் கூடாது. கீழே அவருடைய கையெழுத்து. என்னுடையதும் அங்கே இருந்திருக்க வேண்டும்.