அண்டர்கிரவுண்ட் கவர்

தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் எனக்கு ஒரு டிபன் கடை. பிளாஸ்டிக் கவருக்குத் தடை வந்ததும், இனி யாரும் கவரில் சாம்பார் கட்டுவதில்லை என்று எங்கள் தெருக் கடைக்காரர்கள் கூடி முடிவெடுத்தோம். முதலில் கை தூக்கியவர் எதிர்க்கடை டேவிட் அண்ணன்.

நான் வாங்க வந்த எல்லோரையும் தூக்குவாளி கொண்டுவரச் சொன்னேன். கூட்டம் மெல்ல எதிர்க்கடைக்குப் போய்விட்டது. அவர் சாம்பார்தான் ருசி போலிருக்கிறது என்று நினைத்து, என் சாம்பாரை விதவிதமாக வைத்துப் பார்த்தேன்.

ஒரு நாள் காலை, பெங்களூர் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி நின்று கேட்டாள். "அக்கா, அண்டர்கிரவுண்ட் இருக்குதா?"

"மைன்ஸ் மூடி எத்தினி வருஷமாச்சு!" என்று சிரித்தேன்.

"கவர்தான்க்கா. டேவிட் அண்ணன் கடையில அப்படித்தான் கேக்கணும். தெருவுக்கே தெரியுமே?"

நேராகப் போய் நின்றேன். அவர் மேசைக்கு அடியிலிருந்து கவரை உருவிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா இது?"

"ஆந்திரா பார்டர் தாண்டி தினம் வருதும்மா. அங்க நிறுத்தட்டும், நானும் நிறுத்தறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சொன்னா நீயும் குடுக்க ஆரம்பிச்சுடுவியே" என்றார்.

கவர் கொடுத்ததைக்கூட மன்னித்துவிடுவேன். என் அப்பாவும் அவர் அப்பாவும் சுரங்கத்தில் ஒரே லிஃப்ட் கேஜில் அண்டர்கிரவுண்ட் இறங்கியவர்கள். அந்தச் சொல்லையே கவருக்கு வைத்து என்னிடமே மறைத்தாரே, அதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.