விசிறியக்காவின் காது

விசிறியக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். பொய். மூக்கு நுனிவரை வர அதற்கு எங்கே பொறுமை இருக்கிறது? நேராகக் கைக்கு வந்துவிடும். கம்ப்யூட்டர் சந்தையின் இரண்டாம் மாடியில் கடைசிக் கடை அவளுடையது. ஏழு நிறத்தில் விளக்கு மின்னுகிற ஃபேன் வேண்டும் என்று கேட்டு வந்த ஒருவனை அந்த ஃபேன் டப்பாவாலேயே மண்டையில் அடித்துப் படியிறக்கியவள். பழைய கிராஃபிக்ஸ் கார்டைப் புது டப்பாவில் போட்டு விற்ற மொத்த வியாபாரியின் விரலை வைத்து ஷட்டரை இழுத்தாள் என்றும் ஒரு பேச்சு உண்டு. கேட்டால், "அவனேதான் விரல வெச்சான்" என்பாள்.

இத்தனைக்கும் அவள் விற்பது அமைதி. பெரிய பெட்டியில் சத்தம் வராத கம்ப்யூட்டரை யார் வேண்டுமானாலும் கட்டிவிடலாம். காற்றுக்கு இடம் தாராளமாக இருக்கிறது. செருப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டிக்குள் கட்டும்போதுதான் கைவரிசை தெரியும். அதில் அவளுக்கு ஈடாக அந்தச் சந்தையில் ஆள் கிடையாது.

அமைதி அவளுக்கு அடித்துப் புகட்டப்பட்டது. அவள் அப்பாவுக்குச் சத்தம் ஆகாது. கதவு சாத்தினால் அடி, கரண்டி விழுந்தால் அடி, தும்மினால்கூட முறைப்பு. சின்ன வயதில் ஒரு நாள் டம்ளரைக் கை தவறிப் போட்டுவிட்டாள். அப்பா எழுந்து வந்தார், வலது காதோடு சேர்த்துப் பொறி கலங்க ஓர் அறை விட்டார். "சத்தம் வரக் கூடாது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டார். காதிலிருந்து ரத்தம் வந்தது. அம்மா பஞ்சை அடைத்தாள். அந்தக் காது அன்றோடு போனது. அதற்குப் பதிலாக இரண்டு குணங்கள் வந்து ஒட்டிக்கொண்டன: சத்தம் என்றால் ஈரக்குலை நடுங்கும், எவனாவது கையை ஓங்குவதற்குள் தான் ஓங்கிவிட வேண்டும் என்று கை துடிக்கும். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாரோ கேட்டபோது, "பண்ணியிருந்தா ரெண்டு பேர்ல ஒருத்தர் செத்திருப்போம்" என்றாள். கேட்டவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஒற்றைக் காதை நம்பி வியாபாரம் செய்ய முடியாது என்று அவளுக்கும் தெரியும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். எந்தக் கம்ப்யூட்டரைக் கட்டி முடித்தாலும் பக்கத்துக் கடை மொபைல் ரிப்பேர்காரரைக் கூப்பிடுவாள். அவர் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தலையை ஆட்டினால்தான் பெட்டி கடையைவிட்டுப் போகும். 'காது பார்ப்பது' என்று அதற்குப் பெயர். மாடி முழுக்கத் தெரியும்.

ஒரு மதியம் ஒரு பெண் வந்தாள். முழுக்கைச் சட்டை, அந்த வெயிலிலும் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். வீடு வரைகிறவள். இன்னும் கட்டாத வீடு கட்டிய பிறகு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து காட்டுவது அவள் தொழில். ஜன்னலில் வெயில் விழுவதுவரை அச்சு அசலாக இருக்கும். அவளுடைய சொந்த வீடோ ஓர் அறையும் ஒரு சமையலறையும். புருஷன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான், ராத்திரி வேலை. பகலெல்லாம் தூங்குவான். பழைய கம்ப்யூட்டர் என்ன ஆயிற்று என்று விசிறியக்கா கேட்டாள். மாடியிலிருந்து விழுந்துவிட்டதாம்.

"அதுவா விழுந்துச்சா?"

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நூலை எடுத்து வைத்தாள். அதில் உயரம், அகலம், நீளம் என்று மூன்று முடிச்சுகள். சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டு அளவு. அதற்குள் பாத்திரங்களுக்குப் பின்னால் பெட்டி ஒளிந்துகொள்ள வேண்டும். அவள் வேலையை விட்டுவிட்டதாகப் புருஷன் நினைத்துக்கொண்டிருக்கிறான். வேறு ஊரில் ஒரு கட்டிட நிறுவனம் ஒரு முழு ஆஸ்பத்திரிக்குப் படம் கேட்டிருக்கிறது. ராத்திரி மட்டும் ஓட்டினால் முடியாது, அவன் தூங்கும் பகலிலும் பெட்டி ஓடியாக வேண்டும். முடித்துக் கொடுத்தால் வேலையும் தங்க இடமும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முடித்த அன்றே போய்விடுவாள்.

"அவர் காதுல விழக் கூடாதுக்கா," என்றாள். "விழுந்தா இந்தத் தடவ சிஸ்டத்தோட நிக்காது."

விசிறியக்காவுக்கு அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? நூலை மேசைமேல் நீட்டி வைத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தாள்.

கையகலக் கிராஃபிக்ஸ் கார்டுகள் இருக்கின்றன, ஒரே ஃபேன் வைத்தவை. பார்க்க ஆசையாக இருக்கும். வேலை கொடுத்தால் மிக்ஸி மாதிரி அலறும். ஃபேன் சிறுக்கச் சிறுக்க வேகமாகச் சுற்றித் தொலைத்தாக வேண்டும். மூன்று ஃபேன் கார்டு மூன்றாவது முடிச்சைத் தாண்டிவிட்டது. கடைசியில் தடித்த அலுமினியத் தகடுகள் அடுக்கிய இரண்டு ஃபேன் கார்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். போர்டுக்கு முதுகு காட்டி அதை நிறுத்தி, ஃபேனுக்கும் பக்கவாட்டு வலைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டாள். கார்டுக்குப் போகும் மின்சாரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தாள். படம் முடிய நேரம் கூடும், சூடு இறங்கும், ஃபேன் சோம்பலாகச் சுற்றும். தண்ணீர் சுற்றிக் குளிர வைக்கும் சாமானைத் தொடவே இல்லை, அதன் பம்ப் முனகும். பிராசசருக்குச் சூட்டை உறிஞ்சக் குள்ளமான ஹீட்சிங்க் ஒன்றை வைத்தாள். இவ்வளவு சிரத்தையாக அவள் எந்தப் பெட்டியையும் கட்டியதில்லை. தன் அம்மாவுக்கே கட்டிக் கொடுப்பதுபோலக் கட்டினாள்.

முடித்த அன்று மொபைல்காரர் வழக்கம்போல எட்டிப் பார்த்தார். விஷயம் அவர் காதுக்கும் வந்திருந்தது. இப்படி ஒளிந்துகொண்டு இருப்பதற்கு அந்தப் பெண் அவனை விட்டுவிட்டுப் போய்விட வேண்டியதுதானே என்று சாதாரணமாகத்தான் சொன்னார். மனிதர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். விசிறியக்கா கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் பறந்தது. அவர் புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. கைக்குட்டையை அழுத்திக்கொண்டு தன் கடைக்குப் போய்விட்டார்.

அவரைப் போய்க் கூப்பிட அவளுக்கு மனம் வரவில்லை. மன்னிப்புக் கேட்பது இருக்கட்டும், கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெட்டியை முழு வேகத்தில் ஓடவிட்டுத் தன் இடது காதை வலையில் ஒட்டிவைத்து மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். ஒரு சத்தம் இல்லை. வீடு வரைகிறவள் வந்து வாங்கிப் போனபோது, ஊசி விழுந்தால் கேட்கும் என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினாள்.

நாலைந்து நாளில் அந்தப் பெண் திரும்பி வந்தாள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. உதடு கிழிந்து தொங்கியது. நெஞ்சோடு கட்டைப்பையை அணைத்திருந்தாள், பைக்குள் பெட்டி.

தண்ணீர் குடிக்க எழுந்தவனுக்கு விசில் மாதிரி ஏதோ கேட்டிருக்கிறது. அலமாரியைத் திறந்திருக்கிறான். அந்த அலமாரிக் கதவிலேயே அவள் தலையை மோதி மோதி அடித்திருக்கிறான். பெட்டியை உதைக்க வந்தபோது அவள் அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாளாம். உதையெல்லாம் முதுகில். அவன் களைத்துப்போய் உட்கார்ந்த நேரம் பார்த்து ஓடி வந்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் படம்தான் பாக்கி என்றாள்.

என் பெட்டியில் சத்தமா என்று விசிறியக்கா எகிறினாள். பிளக்கைச் சொருகி ஓடவிட்டுக் காதை வைத்தாள். ஒன்றும் இல்லை.

"இதோ கேக்குதேக்கா," என்றாள் அந்தப் பெண். "உங்களுக்குக் கேக்கலையா?"

வாசலில் மொபைல்காரர் நின்றிருந்தார், புருவத்தில் பிளாஸ்திரியோடு. பல் கூசுகிறவர்போல முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். "ஃபேன் இல்லம்மா. கார்டுல இருக்கற கம்பிச்சுருள், அந்தக் 'காயில்' கத்துது," என்றார். "கரண்ட் பாயறப்ப சில கார்டு அப்படித்தான் மெலிசா கீச்சிடும். இந்தச் சத்தம் உனக்கு ரொம்ப நாளாவே கேக்கறதில்ல. போன வருஷம் ரெண்டு கார்டு நான் சொல்லித்தான திருப்பி அனுப்பின?"

அனுப்பினாள்தான். இந்த ஆளுக்கு எப்போதும் ஒரு நொட்டை என்று திட்டிக்கொண்டே அனுப்பினாள். அவர் தலையை ஆட்டாமல் ஒரு பெட்டியும் வெளியே போகக் கூடாது என்ற வழக்கத்தை அவளே வைத்தாள், அவளே ஒரு ஸ்க்ரூடிரைவரை எறிந்து முறித்தாள். நல்ல காது என்று நம்பியிருந்த காதும் பாதி செத்திருக்கிறது. விசிறியக்காவுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கிழிந்த உதட்டைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் ஓடி வந்தவளைப் பின்தொடர்ந்து கிரேன்காரன் வந்தான். தூக்கம் கெட்ட சிவந்த கண், பெரிய கைகள். அவன் கத்தவில்லை. "சத்தம் போடாம வா," என்றான், மெதுவாக.

அந்தப் பெண்ணின் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்து இழுத்தான். அவள் நெற்றி கண்ணாடி ஷோகேஸில் மோதியது, கண்ணாடி விரிசல் விட்டது. தடுக்க வந்த மொபைல்காரரை முழங்கையால் இடித்துத் தள்ளினான். பிளாஸ்திரி பிய்ந்து புருவம் மறுபடி பிளந்தது. பிறகு மேசைமேலிருந்த பெட்டியை ஒயரோடு பிடுங்கி இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினான்.

விசிறியக்கா உள்ளங்கையை விரித்து அவன் வலது காதில் அறைந்தாள். அவள் உடம்பு எடை முழுக்க அந்த அறையில் இருந்தது. பெட்டி அவன் கையிலிருந்து நழுவி ஃபேன் டப்பாக் குவியல்மேல் விழுந்தது. அவன் முழங்காலில் சரிந்தான். அவள் விடவில்லை. அதே இடத்தில் மறுபடி அறைந்தாள், மறுபடி, மறுபடி. காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. ஒவ்வோர் அடிக்கும் அவள் வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. மாடிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பிய்த்து எடுத்த பிறகுதான் அது என்னவென்று அவளுக்கே உறைத்தது. சத்தம் வரக் கூடாது, சத்தம் வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

காவலாளிகள் கிரேன்காரனைக் கீழே இழுத்துப் போனார்கள். விசிறியக்கா மூச்சு வாங்கத் திரும்பினாள். தரையில் கிடந்த பெண்ணைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள்.

அந்தப் பெண் சட்டென்று தன் வலது காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் சுருண்டாள்.

விசிறியக்கா தன் கையைப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்திருந்தது. அப்பாவின் கை எப்படி இருக்கும் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. இப்போது நினைவுக்கு வந்துவிட்டது.

தள்ளிப்போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஸ்க்ரூடிரைவரை அந்தப் பெண் பக்கம் உருட்டிவிட்டாள். புதுக் கார்டு டப்பாவையும் தள்ளினாள். "நான் கிட்ட வரலம்மா. நான் சொல்றேன், நீயே மாத்து," என்றாள்.

அந்தப் பெண் வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். சொன்னபடி ஒவ்வொரு திருகாகக் கழற்றினாள். கை தவறி ஒரு திருகு உருண்டு விசிறியக்காவின் காலடியில் நின்றது. அதை எடுக்க அவள் வரவில்லை, விசிறியக்காவும் எடுத்துக் கொடுக்கவில்லை. வேறு திருகைப் போட்டு முடித்தாள். பெட்டியில் ஒரு மூலை நசுங்கியிருந்தாலும் ஓடியது. மொபைல்காரர் புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடினார். தலையை ஆட்டினார்.

வீட்டுக்கு அந்தப் பெண் போகவில்லை. மீதிப் படத்தைச் சந்தையிலேயே முடிக்கலாம் என்று மொபைல்காரர் சொன்னார். விசிறியக்கா தன் மேசையை அவசர அவசரமாக ஒதுக்கினாள்.

"நான் அண்ணன் கடையிலயே உக்காந்துக்கறேன்," என்றாள் அந்தப் பெண்.

இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். படம் முடியும்வரை விசிறியக்கா அடிக்கடி அந்தச் சுவரில் இடது காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பெட்டி அமைதியாக ஓடுகிறதா, தன் காதுதான் அப்படியா என்று அவளுக்குத் தெரியவில்லை. மொபைல்காரரிடம் போய்க் கேட்டாள். புருவத்துக்காக மன்னிப்பும் கேட்டாள். வாழ்நாளில் முதல் தடவை.

போகும் அன்று அந்தப் பெண் கடை வாசலில் வந்து நின்றாள். உதடு ஆறத் தொடங்கியிருந்தது. தோளில் துணிப்பை, கையில் நசுங்கிய பெட்டி. உள்ளே வரவில்லை.

"முடிஞ்சிடுச்சுக்கா. கிளம்பறேன்."

"போய்ட்டு வா," என்றாள் விசிறியக்கா. அவள் படியிறங்கி மறையும்வரை தன் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.