நாற்பத்தொரு மரக்கன்றுகளும் ஓர் ஆள்காட்டியும்

மூன்றாண்டுகளுக்கு முன், ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை செல்லும் சாலையில் முக்கால் மணி நேரம் சென்று, இடப்புறம் பிரியும் மண்பாதையில் இறங்கினால் ஒரு சதுப்பு நிலம் வரும். அதைச் சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குப் புல்வெளி. பாதுகாக்கப்பட்ட பகுதி என்று வாயிலில் எழுதி வைத்திருப்பார்கள். நான் சொல்லப்போவது அங்குதான் நடந்தது.

என் மனைவி இறந்து அன்றோடு ஓராண்டு நிறைந்திருந்தது.

அந்த இடம் அவளுடையது. பள்ளியில் உயிரியல் கற்பித்தவள். மாதத்தில் இரண்டு ஞாயிறுகளாவது, தொலைநோக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்து பிடித்து அங்கே போய்விடுவாள். நான் கணிதப் பேராசிரியர். எனக்கு ஞாயிறு என்பது ஆய்வேடுகளுக்கும் விடைத்தாள்களுக்கும் உரியது. நாற்பத்தொரு ஆண்டு மணவாழ்வில் அவளோடு அங்கே சென்றது ஒரே ஒரு முறை. பேருந்துகள் ஓடாத நாளில், ஓட்டுநராக. அவள் உள்ளே போனாள். நான் காரிலேயே அமர்ந்து விடைத்தாள் திருத்தினேன்.

திரும்பி வந்தவளிடம், "ஒரு மரம்கூட இல்லாத பொட்டல். இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வர்றே?" என்று கேட்டேன்.

"மரம் இல்லாததுதான் இங்க விசேஷமே. உங்களுக்குச் சொன்னா புரியாது. நீங்க பேப்பரைத் திருத்துங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

முதலாண்டு நினைவுக்கு உறவினர்கள் பலவும் சொன்னார்கள். அன்னதானம் என்றார்கள், மேல்கோட்டைப் பெருமாள் கோயிலில் ஏதாவது கைங்கரியம் என்றார்கள். நான் மறுத்தேன். அவள் நேசித்த இடத்தில், நெடுங்காலம் நிற்கும்படியாக ஏதேனும் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆண்டுக்கு ஒன்றாக நாற்பத்தொரு மரங்கள். புங்கை, நாவல், நீர்மருது. வரிசைகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை நானே வரைந்து கணக்கிட்டேன். உயர் பதவியில் இருக்கும் பழைய மாணவர் ஒருவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். எட்டே நாளில் அனுமதி வந்தது. அங்கே மரம் வேண்டுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

குழிகளை முந்தைய நாளே இயந்திரம் வந்து தோண்டியிருந்தது. காலையில் உறவினர்களும் பழைய மாணவர்களுமாக இருபது பேர் புல்லை மிதித்துக்கொண்டு உள்ளே நடந்தோம். நடக்கத் தொடங்கியதுமே இரண்டு பறவைகள் எழும்பின. நீண்ட மஞ்சள் கால்கள், கண்ணோரம் சிவப்பு. தலைக்கு மேல் வட்டமிட்டு விடாமல் கத்தின. மூன்றாம் வரிசைக்கு நாங்கள் சென்றபோது ஒன்று என் முகத்தருகே தாழ்ந்து வந்து மீண்டும் மேலெழுந்தது.

"பேராசிரியரே, ஹாஜர் எடுக்குது. எல்லாரும் உள்ளேன் ஐயா சொல்லுங்க" என்றார் என் சகலை. சிரிப்பெழுந்தது.

ஆனால் அவருடைய மனைவி, அதாவது என் மனைவியின் தங்கை, சிரிக்கவில்லை. கைகளைக் குவித்துவிட்டாள். "அக்காதான். பாருங்கோ அத்திம்பேர், உங்களையே சுத்திச் சுத்தி வரா. சந்தோஷம் தாங்கலை அவளுக்கு" என்றாள்.

திவச நாளில் காக்கைக்கு வைக்கும் சோற்றையே வெறும் வழக்கமென்று ஒதுக்கியவன் நான். அன்று தலையை உயர்த்திப் பார்த்தேன். பறவை என் தலைக்கு நேர் மேலே இருந்தது. நானும் கைகூப்பினேன். அந்த ஓராண்டில் எனக்குக் கண் கலங்கியது அப்போது ஒருமுறைதான். அதை யாரோ புகைப்படமும் எடுத்தார்கள்.

இனிப்பு வழங்கியபோது அங்கிருந்த காவலாளி மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. மரியாதை தெரியாதவர் என்று எண்ணிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துக் கன்றுகளைப் பார்க்கத் தனியாகச் சென்றேன். அதே காவலாளிதான் இருந்தார். ஹனூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடியானவர் குடும்பம்; ஐம்பது வயதிருக்கும். தினக்கூலி வேலை. என் மனைவியைப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தெரியுமாம்.

"அன்னைக்கு எங்களோடயே சுத்திச் சுத்தி வந்ததே ஒரு பறவை, அது இப்ப வர்றதில்லையா?" என்று கேட்டேன்.

"எதுங்க சார், ஆள்காட்டியா?" என்று கேட்டு, மூன்றாம் வரிசைப் பக்கம் கைநீட்டினார். "சுத்தாம என்ன பண்ணுங்க? அது முட்டை மேலயில்ல நின்னுட்டு இருந்தீங்க."

மூன்றாம் வரிசைக்கு அழைத்துச் சென்று, ஒரு குழியோரம் கிடந்த மண்மேட்டைக் காட்டினார்.

"கூடு கீடெல்லாம் இது கட்டாதுங்க. வெறுந்தரையிலதான் வெக்கும். நாலு முட்டை, பாத்தா கல்லாட்டமே இருக்கும். மிசின்காரன் தோண்டுன மண்ணைக் கொண்டாந்து அது மேலயே கொட்டிப்போட்டான். அடியில முட்டை இருக்குதுன்னு அது மறுநாளும் கத்துச்சு. நீங்க கும்புட்டுட்டு இருந்தீங்க."

"ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே. மேலிருந்து ஆர்டருன்னாங்க. நான் கூலிக்காரன். அம்மா இருந்திருந்தா மிசினுக்கு முன்னால படுத்திருப்பாங்க."

அவர் கன்றுகளைச் சுற்றி நான் பொருத்தியிருந்த இரும்புக் கூண்டுகளைக் காட்டினார். ஏறக்குறைய ஒவ்வொன்றின் மேலும் ஒரு காக்கை. உயரமான எதுவும் இல்லாத நிலத்தில்தான் தரையில் வாழும் பறவைகள் குஞ்சு பொரிக்கத் துணியும் என்றும், உட்கார இடம் கிடைத்துவிட்டால் காக்கையும் பருந்தும் அங்கிருந்தே குஞ்சுகளைப் பார்த்துத் தூக்கிவிடும் என்றும் விளக்கினார்.

"காக்காய்க்கு நாப்பத்தொரு நாற்காலி போட்டு வெச்சிருக்கீங்க சார். பேரு போட்ட போர்டு வேற."

அவள் பெயர் எழுதி நான் அங்கே நட்டுவைத்த பலகையைத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, ஓராண்டாகத் திறக்காத அவளுடைய அலமாரியைத் திறந்தேன். அதில் பதினொரு குறிப்பேடுகள் இருந்தன. எட்டாவதற்குள் மடித்து வைத்த ஒரு கடித நகல் கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் யாரோ அதே புல்வெளியில் மரம் நட முயன்றிருக்கிறார்கள். கூடாது என்று, எனக்கு அனுமதி தந்த அதே வன அலுவலகத்துக்கு அவள் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறாள். காவலாளி சொன்னவை அனைத்தும் அதில் இருந்தன. குளிர்காலத்தில் வெகுதொலைவிலிருந்து வரும் பூனைப் பருந்துகள் மரத்தில் தங்குவதில்லை, அந்தப் புல்லுக்குள் தரையில்தான் உறங்கும் என்பதும் இருந்தது. ஓரங்களில் சிவப்பு மையில் திருத்தங்கள். என் கையெழுத்து. என்னிடம்தான் கொடுத்திருக்கிறாள். வாக்கியங்களைச் செப்பனிட்டிருக்கிறேன், ஓரிடத்தில், 'வாதம் இன்னும் சுருக்கமாக இருக்கலாம்' என்று குறிப்பும் எழுதியிருக்கிறேன். என்ன வாதம் என்பது மட்டும் எனக்கு நினைவில்லை.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். கன்றுகளை அகற்ற அனுமதி கேட்டேன். அதிகாரி கன்னடத்தில், மிகுந்த பணிவோடு, நட்ட மரத்தைப் பிடுங்குவதற்கு இந்நாட்டில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்றார். நடுவதற்கு எட்டு நாளில் கிடைத்த அனுமதி, எடுப்பதற்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

காவலாளியிடம் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தபடி, "கன்னு கவர்மெண்டுதுங்க. கூண்டு உங்களுதுதானுங்களே. முயலும் மானும் யாரு கையெழுத்தையும் எதிர்பார்க்காதுங்க" என்றார்.

மறுநாள் ஒரு சிறு லாரி வைத்து நாற்பத்தொரு கூண்டுகளையும் எடுத்து வந்தேன். பெயர்ப்பலகையை நானே பிடுங்கினேன். அவளுக்காக அங்கே நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

அந்த டிசம்பரில், ஒரு மாலை, பூனைப் பருந்துகளைக் காணப் போனேன். ஐந்தாறு வந்தன. புல்லின் மேல் தாழ்ந்து சுற்றின, கன்றுகள் நின்ற பக்கத்தை இருமுறை பார்த்தன, இறங்காமல் போய்விட்டன. "முன்னெல்லாம் இருவது முப்பது எறங்கும், அம்மா ஒவ்வொண்ணா எண்ணுவாங்க" என்றார் காவலாளி.

முயல்கள் தங்கள் வேலையைச் செய்தன. ஏழு மரங்கள் மட்டும் தப்பின. இப்போது என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. நன்றாகவே வளர்கின்றன, இடைவெளிக் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

சென்ற ஜூனில் வாயிலருகே ஓர் ஆள்காட்டி எழும்பிக் கத்தியது. நான் அங்கேயே நின்று, வந்த வழியே திரும்பிவிட்டேன். முட்டைக்காகக் கதறிய ஒரு குரலை என் மனைவியின் வாழ்த்தென்று கைகூப்பி வாங்கிக்கொண்டவன் நான். நாற்பத்தொரு ஆண்டுகளில் அவள் என்னிடம் மறுத்துச் சொன்னவற்றில் இன்னும் எத்தனையை இப்படி அன்பென்று எடுத்துக்கொண்டு சிரித்திருப்பேன் என்பதை, இனி கேட்டறிய எனக்கு எவரும் இல்லை.