டைகரின் வலது கால்

எங்கள் நாய் டைகர் முன்னங்காலை நொண்டத் தொடங்கிய வருடம்தான், அம்மா வெகுநாளாக ஆசைப்பட்ட வெள்ளை டைல்ஸை அப்பா மாசாயில் இருந்த எங்கள் வீட்டில் பதித்துக் கொடுத்தார். லாயாங் லாயாங்கில் செம்பனைத் தோட்டத்தில் இருந்த மாமா வந்து பார்த்துவிட்டு, இடது காலில்தான் கோளாறு என்று தீர்ப்புச் சொன்னார். நடக்கும்போது அந்தப் பக்கம்தானே தலை சாய்கிறது. அம்மா தினமும் இடது காலுக்கு மருந்தெண்ணெய் தேய்த்தாள். நொண்டல் நின்றபாடில்லை.

“தீபாவளிக்கு வர்றப்ப தோட்டத்துக்குக் கொண்டு போயிடுறேன் மச்சான். மண்ணுல ஓடினா சரியாயிடும்” என்றார் மாமா. அம்மாவும் தலையாட்டினாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்நேரமும் டைகரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாடப் புத்தகத்தை அப்படிப் பார்த்திருந்தால் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டிருக்க மாட்டேன்.

ஒருநாள் அம்மா வாசலைக் கழுவிவிட்டிருந்தாள். டைகர் ஈரக் காலோடு காய்ந்த சிமெண்டில் நடந்து போனது. இடது முன்னங்காலின் தடம் முழுசாக இருந்தது. வலது காலுக்கு விரல் நுனிகள் மட்டும்தான். நாங்கள் நல்ல காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

“மாமாவுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?” என்றாள் அம்மா. அப்பா மட்டும் குனிந்து, ஈரம் காயும்வரை தடத்தைப் பார்த்தார்.

கிளினிக்கில் டாக்டரம்மா வலது காலை அழுத்தியதும் டைகர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. நாய் நல்ல காலில்தான் சாயும், வலிக்கிற காலை ஊன்றும்போது தலையைத் தூக்கும் என்றார். அப்பா தடத்தைப் பற்றிச் சொன்னதும், “பண்டாய்”, கெட்டிக்காரி என்று மலாயில் மெச்சி என் கன்னத்தைத் தட்டினார். பிறகு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நான் டைகரைப் பிடித்துக்கொண்டு, அங்கே இருந்தவர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் ரொட்டி சானாய் கடையில் அப்பா ஆரம்பித்துவிட்டார். “எம்பொண்ணுதான் கண்டுபிடிச்சா. டாக்டரே பண்டாய்னு சொல்லிட்டாங்க லா.”

“அப்ப அடுத்து ஊசியும் இவளே போடுவாளா?” என்றார் கடைக்காரர்.

“போடுவா. மொதல்ல உனக்குத்தான்.”

அடுத்த வாரமே அப்பா சுருள் சுருளாக ரப்பர் பாய் வாங்கி வந்து, வாசலிலிருந்து அடுப்படிவரை டைல்ஸை மூடிவிட்டார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

தீபாவளிக்கு வந்த மாமா, “என்ன மச்சான், புது டைல்ஸ மூடிட்டீங்க?” என்றார்.

“டைகருக்கு வழுக்குது.”

“அதான் நான் கொண்டு போறேன்னு சொன்னேனே.”

“அது இங்கதான் இருக்கும். எம்பொண்ணு பாத்துக்குவா.”

நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். டைகர் பாய் மேல் நொண்டி நொண்டி, ஆனால் வழுக்காமல் என்னிடம் வந்தது. இன்னும் கொஞ்ச நாளில் நொண்டலும் போய்விடும் என்று முறுக்குத் தின்ன வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அப்பா மறுக்கவில்லை. அந்தக் கால் இனி நேராகாது என்று தெரிந்துதான், வீட்டை அதற்குத் தகுந்த மாதிரி மாற்றியிருந்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.