மஞ்சள் தடவிய அமெரிக்கப் படை

எங்கள் வம்சத்தில் யாரும் துப்பாக்கி பிடித்ததில்லை. நானே கல்லூரியில் என்.சி.சி. பயிற்சியை வெயிலுக்குப் பயந்து பாதியில் விட்டவன். ஆனால் அமெரிக்கப் படையின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், பீளமேட்டில் பஸ் ஏறியதிலிருந்து சோமனூர் வரும்வரை பக்கத்து சீட்டுக்காரரை விடமாட்டேன்.

எல்லாம் தபால்தலை கொடுத்த ஞானம். படை உருவானது, குன்றின் மேல் நடந்த சண்டை, பனிக்கட்டி மிதக்கும் ஆற்றைப் படகில் கடந்தது, பட்டினியோடு குளிர்காலத்தைக் கழித்த முகாம், பிரிட்டிஷ் தளபதி சரணடைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் அந்த நாட்டில் தபால்தலை வெளியிட்டிருக்கிறார்கள். முப்பது வருடமாகச் சேர்த்து, பதினாறு தாள்களில் பொருத்தி வைத்திருந்தேன்.

கோவையில் நடக்கும் தபால்தலைக் கண்காட்சியில் இரண்டு முறை வெண்கலம் கொடுத்தார்கள். தபால்தலை சேர்ப்பவர்கள் வட்டாரத்தில் வெண்கலம் என்றால், வந்ததற்கு நன்றி என்று அர்த்தம். இந்த முறை தங்கம் வாங்காவிட்டால் யார் முகத்திலும் விழிக்க முடியாது என்று நானே முடிவு செய்திருந்தேன். நடுவர்கள் பூதக்கண்ணாடியோடு வருவார்கள். தாளில் ஒரு கறை இருந்தாலும் மதிப்பெண் போய்விடும். அதனால் வீட்டில் யாரையும் அந்தப் பக்கம் அண்டவிட்டதில்லை.

கண்காட்சி அன்று காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள், என் மனைவி பதினாறு தாள்களின் நான்கு மூலைகளிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவி முடித்திருந்தாள். கல்யாணப் பத்திரிகையானாலும் புதுச் சட்டையானாலும் எங்கள் பக்கம் மஞ்சள் வைக்காமல் இருப்பதில்லை. குளிர்கால முகாம் தாளில் கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. பனியில் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்த அமெரிக்கத் தளபதிக்கு மஞ்சள் நீராட்டே நடந்திருந்தது.

"நல்ல காரியத்துக்குப் போறீங்க. அப்படியே எப்படீங்க கொண்டுட்டுப் போறது?" என்றாள்.

நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். வேறு தாள் தயாரிக்க நேரமில்லாமல் அதையே கொண்டுபோய் வைத்தேன்.

நடுவர் மூலைகளைப் பார்த்தார், முகாமைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன இது என்று கேட்டார். முப்பது வருடம் வீரத்தைப் பற்றியே படித்த நான், ஒரு நொடிகூட யோசிக்காமல் காட்டிக்கொடுத்தேன்.

"ஊட்டுல விவரம் தெரியாதவங்க பண்ணிப்போட்டாங்க சார்."

மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்த என் மனைவி பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. முன்னால் வந்து, கோபமே இல்லாமல் நடுவரிடம் சொன்னாள்.

"ஆமாங்க சார், எனக்கு விவரம் தெரியாதுங்க. இந்தப் படத்துல இருக்கறவங்கெல்லாம் ஆருன்னு முப்பது வருசத்துல இவரு ஒருக்காக்கூட எங்கிட்டச் சொன்னதில்லீங்க."

பதக்கம் போனது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் வெட்கம்தான் என்னைத் தின்றது. அவளை முகாம் தாளின் முன்னால் நிறுத்தி, காலில் செருப்புகூட இல்லாமல் பனியில் கிடந்த அந்தச் சிப்பாய்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"இருக்கட்டுங்க, சோறு ஆறிப்போகும்" என்று பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவள் பஸ் ஏறப் போய்விட்டாள்.