பொய்யாகச் சொன்ன தலைப்பு

போன வருடம் நான் பி.ஏ. சமூகவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, பூந்தமல்லி பக்கம் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் நடந்தது இது.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் சந்தேகத்தைச் சாப்பாட்டோடு சேர்த்தே பரிமாறுவார்கள். பால் பாக்கெட்டைக்கூட அப்பா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்து வருவார். "எவனாவது ஓசில டீ வாங்கிக் குடுத்தா, இன்னாத்துக்குன்னு கேட்டுட்டுக் குடி" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார். நானும் அப்படியே வளர்ந்து தொலைத்தேன்.

அந்த செமஸ்டரில் ஆளுக்கொரு மினி ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். எனக்கு அது சின்ன விஷயமில்லை. ஒரு அரியர் விழுந்தாலும் என் ஸ்காலர்ஷிப் நின்றுவிடும். அது நின்றால் படிப்பும் நின்ற மாதிரிதான். அதனால் இணையத்தில் தேடித் தேடி ஒரு தலைப்பைப் பிடித்து வைத்திருந்தேன். 'நகரமயமாதலும் மகளிர் மேம்பாடும்: ஒரு சமூகவியல் பார்வை.' எவ்வளவு கனமாக இருக்கிறது பாருங்கள்! பக்கத்தில் உட்காரும் தோழியிடம்கூட மூச்சு விடவில்லை. முந்தின செமஸ்டரில் ஒருத்தியின் செமினார் தலைப்பை அவளுடைய உயிர்த்தோழியே சுட்டுக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

எங்கள் துறை மேடமோ, "எல்லாரும் லைப்ரரில ஹெல்ப் டெஸ்க்குக்கு ஒரு தடவையாவது போய்ட்டு வாங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நூலகத்தில் ஒரு மேசை போட்டு, மூன்றாம் வருட மாணவர்கள் சிலரை உட்கார வைத்திருப்பார்கள். ப்ராஜெக்டுக்கு எப்படித் தேடுவது, எதைப் படிப்பது என்று ஜூனியர்களுக்கு அவர்கள் சொல்லித் தருவார்கள். சம்பளம் கிடையாது. அந்த ஒன்றே போதாதா, எனக்குச் சந்தேகம் வர?

நான் போன அன்று மேசையில் ஓர் அக்கா இருந்தாள். கொண்டையில் பென்சில் சொருகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "வாமா, உக்காரு. இன்னா டாபிக்கு?" என்றாள்.

எடுத்த எடுப்பில் டாபிக்கா! நான் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்று காலை ஆவடி வருவதற்கு ஷேர் ஆட்டோ ஸ்டாப்பில் நின்றிருந்தேன். வந்த முதல் ஆட்டோவில் டிரைவர் பக்கத்து இடம் மட்டும்தான் காலியாக இருந்தது. ஏறாமல் விட்டுவிட்டேன். அதுதான் வாய்க்கு வந்தது. "ஷேர் ஆட்டோல டிரைவர் பக்கத்து சீட்ல லேடீஸ் ஏன் உக்கார்றதில்லைன்னு..." என்று இழுத்தேன்.

சிரித்து அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அட, சூப்பரா கீதே! அந்த ஒரு சீட்டுக்காக எத்தினி ஆட்டோவ உட்றாங்க? அதனால வேலைக்கு லேட்டாவுதா? லேட்டானா இன்னா ஆவும்?"

எனக்கென்ன தெரியும்? கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, ஷேர் ஆட்டோ என்று போட்டுத் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. "நம்ம வச்சிருக்கற பேரு வேற, படிச்சவங்க வச்சிருக்கற பேரு வேற" என்று சொல்லி, வேறு வேறு சொற்களைப் போட்டுப் பார்த்தாள். கட்டுரைகள் வரிசையாக வந்தன. நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு இவளுக்கு இத்தனை அக்கறை?

"உங்க ஊட்ல யாராவது ஷேர் ஆட்டோல வேலைக்குப் போறாங்களா?"

"அம்மா. அம்பத்தூர் எஸ்டேட்ல, பேக்கிங் செக்‌ஷன்."

"அப்ப மொதல்ல அவங்களக் கேளு. கேட்டுட்டு வந்து சொல்லு."

வேறு வழியில்லை, பொய்யைக் காப்பாற்றுவதற்காகவாவது கேட்டாக வேண்டும். அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். அம்மாவின் கை நின்றுவிட்டது.

"அத்த ஏன் கேக்குற. அங்க உக்காந்தா, கியர் போடறப்ப கை மேல படும். படாத மாறி படும். எல்லா டிரைவரும் இல்ல, ஆனா எவன் எப்டின்னு நெத்திலயா எழுதி ஒட்டிகினு கீது? அதான் அடுத்த ஆட்டோ வரட்டும்னு நிப்பேன். லேட்டா போனா சூப்பர்வைசர் அத்தினி பேர் முன்னாடி கத்துவான்."

"அப்பாகிட்ட சொல்லலியா?"

"சொன்னா, வேலையே வாணாம், ஊட்ல கெடன்னுவாரு. அப்புறம் நீ எங்கருந்து காலேஜு போவ?"

அம்மா மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு எழுந்து போனேன். இத்தனை வருடம் அம்மா லேட்டாகக் கிளம்புவதால்தான் திட்டு வாங்குகிறாள் என்று நானே அவளைத் திட்டியிருக்கிறேன்.

மறுநாள் அந்த அக்காவிடம் அதைச் சொன்னேன், முழுதாக இல்லை, பாதிதான். அவள் அதற்கும் கேள்வி கேட்டாள். அப்படியே இரண்டு மூன்று முறை போய், அவள் எடுத்துக் கொடுத்த கட்டுரைகளையும் புரட்டிவிட்டு வந்தேன். சரி, நல்லவள்தான் போலிருக்கிறது என்று கொஞ்சம் இளகும் நேரத்தில் அது நடந்தது. நான் உள்ளே நுழையும்போது, என் வகுப்புப் பெண் ஒருத்தி அவள் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அக்கா சட்டென்று திரையை மூடினாள்.

வந்துவிட்டது எனக்குச் சந்தேகம்! இங்கே கேட்டதை அங்கே சொல்வது, அங்கே கேட்டதை இங்கே சொல்வது, இதுதான் இவள் வேலை. நல்லவேளை, உண்மையான தலைப்பைச் சொல்லவில்லை என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டு நாளில், ஹெல்ப் டெஸ்க் நோட்டில் நான் எழுதியிருந்த நம்பருக்கு அவளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. 'எங்க நசரத்பேட்டை ஸ்டாப்ல காலைல நின்னு பாத்தேன். அங்கயும் அதே கததான். ரெண்டு பேர்கிட்ட பேசிட்டேன். வா, சொல்றேன்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் தலைப்பை வைத்துக்கொண்டு இவள் போய் ஆராய்ச்சி செய்கிறாளா? திருடி! பஸ்ஸில் வீடு வரும்வரை மனதுக்குள் அவளோடு சண்டை போட்டேன். பட்டாபிராம் தாண்டும்போதுதான் உறைத்தது. அது பொய்த் தலைப்புதானே, போனால் போகட்டும் என்று ஏன் விட முடியவில்லை? விட முடியவில்லை, அவ்வளவுதான். அது என் அம்மாவின் கதை.

அதற்கு அடுத்த வாரம் தலைப்புகளைப் பதிவு செய்யும் நாள். மேடம் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் எழுந்தவள் அந்த வகுப்புப் பெண்தான். கணீரென்று சொன்னாள்: "நகரமயமாதலும் மகளிர் மேம்பாடும்."

நான் யாரிடமும் மூச்சு விடாத என் தலைப்பு! அவள் உட்காருவதற்குள் பின்வரிசைப் பையன் ஒருவன், "மேடம், அது என் டாபிக்" என்றான். மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாரும் ஒரே வெப்சைட்தானா? இதே தலைப்புல போன வருஷமே நான் படிச்சுப் படிச்சு நொந்துட்டேன். இது யாருக்கும் கிடையாது. வேற சொல்லுங்க. சொல்ல முடியாதவங்க இந்த செமஸ்டரை மறந்துடுங்க. அடுத்து யார்?"

அடுத்து நான். ஸ்காலர்ஷிப், அம்மா, எல்லாம் கண் முன்னால் வந்து போயின. வாய் தானாகச் சொன்னது: "ஷேர் ஆட்டோல டிரைவர் பக்கத்து சீட், மேடம்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "இதுல ஆராய என்னம்மா இருக்கு?" என்றார். நான் சொன்னேன். லேட்டானால் என்ன ஆகும் என்று கேட்டார், சொன்னேன். இதை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று கேட்டார், அதையும் சொன்னேன். அவர் கேட்ட எல்லாவற்றையும் அந்த அக்கா முன்பே கேட்டுவிட்டிருந்தாள். சிரித்த பெண்களில் சிலர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அவர்களும் அதே ஆட்டோவில் வருகிறவர்கள்தானே. "இதைப் பண்ணு" என்றார் மேடம்.

மணி அடித்ததும் நூலகத்துக்கு ஓடினேன். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னதும் அக்கா சிரித்தாள். "நீ பொய் சொல்றேன்னு மொத நாளே தெரியும்டி. நெஜ டாபிக்கோட வர்றவ பேனாவ எடுப்பா. நீ பையக்கூட தொறக்கல, கட்டிப் புடிச்சிகினு உக்காந்திருந்த."

"தெரிஞ்சுமா அவ்ளோ தேடுனீங்க? ஸ்டாப்ல வேற போய் நின்னீங்களே?"

"பொய்யோ கிய்யோ, கேள்வி நல்லாருந்துச்சு. நானும் தெனம் காலைல அந்த சீட்ட பாத்துட்டு ஆட்டோவ உட்றவதான்."

மனதில் அரித்துக்கொண்டிருந்ததையும் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு என்னப் பாத்ததும் ஏன்கா ஸ்க்ரீன மூடுனீங்க?"

"பின்ன? அவ டாபிக்க உன்கிட்ட காட்டுவனா?" என்றாள், நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல.

இப்போது நான் மூன்றாம் வருடம். அதே மேசையில் நான் உட்காருகிறேன். போன வாரம் ஒரு ஜூனியர் பெண் வந்தாள். பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். டாபிக் என்னவென்று கேட்டதும் மேலே பார்த்து, "லைப்ரரில... ஃபேன்... காத்து..." என்றாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினேன். "ஃபேன் ஓடாத பக்கம் எப்பவும் யாரும்மா உக்கார்றாங்க?" என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

என் சந்தேகப் புத்தி இன்னும் போய்விடவில்லை, பால் பாக்கெட்டை இப்போது நானும் தூக்கித்தான் பார்க்கிறேன். ஆனால் நான் சொன்னது பொய் என்று தெரிந்தே, அதில் இருந்த என் அம்மாவை நம்பி காலையில் ஸ்டாப்பில் போய் நின்றவளை நினைக்கும்போதெல்லாம், எதிரில் உட்காருகிறவர் பையைத் திறக்கும்வரை காத்திருக்கலாம் என்று தோன்றிவிடுகிறது.