ரியூப் சுற்றிய இடியப்ப உரல்

ஒரு கையாலேயே பிழியக்கூடிய இடியப்ப உரலைக் கண்டுபிடித்து, யுத்தத்தால் பாதை மூடப்படுவதற்கு முன்பே கொழும்பில் காப்புரிமையும் எடுத்திருந்தேன். முதலில் செய்த உரலின் கைப்பிடியில் வெடிப்பு விழுந்துவிட்டது. சைக்கிள் சக்கரத்து ரப்பர் ரியூபைக் கிழித்து அதில் இறுக்கிச் சுற்றி, இணுவிலில் ஒரு கலியாண வீட்டுக்கு இரவல் கொடுத்தேன்.

அடுத்த மாதம் நெல்லியடிச் சந்தையில் அதே உரல்கள் வரிசையாக இருந்தன. நான் செய்தவை அல்ல. கோபம் உச்சிக்கு ஏறியது.

“அக்கா, காப்புரிமை உள்ள சாமான் இது. விக்க வைக்கிறதே பிழை, தெரியுமோ?”

“இன்னும் ஒண்டும் விக்கேல்லையே அண்ணை!”

“விக்காட்டிலும் பிழைதான்.”

கடைக்காரி அசரவில்லை. உரலை என் கையில் தந்தாள்.

“பிழிஞ்சு பாருங்கோ. கலியாண வீட்டிலை கண்டதை எங்கடை பட்டறைக்காரர் அச்சொட்டாச் செய்தவர். உந்த ரியூப் சுத்துத்தான் விசேஷம், கை வழுக்காது. கண்டுபிடிச்சவன் கெட்டிக்காரன்!”

அப்போதுதான் பார்த்தேன். வெடிப்பே இல்லாத புதுக் கைப்பிடிகள் அத்தனையிலும் ரியூப் சுற்றியிருந்தது. சந்தையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

“அந்தக் கெட்டிக்காரன் நான்தான் அக்கா!”

திகைத்தவள் பிறகு என்னைவிடப் பலமாகச் சிரித்தாள். அன்றிலிருந்து என் சம்மதத்தோடு, எனக்கும் ஒரு பங்கு வைத்து விற்றாள்.

காப்புரிமைப் பத்திரத்தில் உரலின் ஒவ்வொரு பகுதியையும் என்னுடையது என்று எழுதி வைத்திருந்தேன், சனம் விரும்பி வாங்கிய அந்த ரியூப் சுற்றைத் தவிர.